கொள்ளை அழகைத் தேடி ஆறு நாள்

நாள் 1: தூரின்

ரயிலை விட்டு இறங்கும்போதே தூறல். ஊர் பேரிலேயே தூறல் இருக்கிறது என்று ஒரு மொக்கை ஜோக் தோன்றியது. கூட ஆள் இல்லாததால் எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன்.

வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் டிரம்ப் கார்டு விளையாடியவர்களுக்குப் புரியும். ஒரு சீட்டுக்கு ஒரு கார். படத்துக்குக் கீழே சிசி, குதிரைத்திறன், வேகம். என் கட்டில் ஒரு சிவப்புக் கார் இருந்தது. ஆப்பு மாதிரி முகம், முதுகில் ஏரோப்ளேன் இறக்கை. அது கைக்கு வந்தால் 'ஸ்பீடு' என்று கத்திவிட்டு எதிராளி சீட்டைப் பிடுங்கலாம். லம்போர்கினி கவுன்டாச். அப்படித்தான் நாங்கள் படித்தோம். கூன்டாச் என்று சொல்ல வேண்டும் என்பது நாற்பது வயதில்தான் தெரிந்தது.

அந்தக் கார் 1971இலிருந்து 1990 வரை எப்படி மாறிக்கொண்டே வந்தது என்பதை, அது பிறந்த இடங்களில் நடந்து பார்ப்பதுதான் இந்த ஆறு நாள் திட்டம். வீட்டில் சொன்னபோது அப்பா மட்டும் நியாயமான கேள்வி கேட்டார்: "தகரமா, அலுமினியமா?" ஈரோட்டில் முப்பது வருடம் டிங்கரிங் பட்டறை நடத்தியவர். அலுமினியம் என்றேன். "அப்ப போயிட்டு வா" என்றார்.

மாலை தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகம். 1907இல் பீக்கிங்கிலிருந்து பாரிஸ் வரை ஓடி ஜெயித்த இத்தாலா கார் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். எனக்கு இந்த ஊர் வேண்டியிருந்ததே ஒரு மனிதருக்காக: கூன்டாச்சை வரைந்த மர்செல்லோ காந்தினி. 1938 ஆகஸ்டில் இங்கே பிறந்தவர். (அதே மாதம் பிறந்தவர்தான் இன்னொரு பெரிய கார் வடிவமைப்பாளரான ஜோர்ஜெத்தோ ஜுஜாரோவும். அந்த ஆகஸ்டில் இத்தாலியில் என்ன சாப்பிட்டார்களோ!) 1965இல் ஜுஜாரோ விட்டுப்போன நாற்காலியில்தான் காந்தினி, கார் உடம்பு வடிவமைக்கும் பெர்டோனே நிறுவனத்தில் உட்கார்ந்தார். மியூரா, ஸ்ட்ராட்டோஸ், கூன்டாச் கார்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. 2024 மார்ச்சில் 85 வயதில் காலமானார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் தூரின் பாலிடெக்னிக் அவருக்கு கௌரவப் பட்டம் கொடுத்தது.

பெயர்க் கதையை அவரே சொல்லியிருக்கிறார். கண்காட்சிக்காக ராத்திரி பகலாக வேலை. பூட்டு வேலை செய்யும் ஒருவர், ஆள் இரண்டு மீட்டர் உயரம், கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. இத்தாலிய மொழிகூட அதிகம் பேசமாட்டார், எல்லாம் இந்தப் பகுதியின் பியெமோந்தே பேச்சுதான். எதைப் பார்த்து அசந்தாலும் அவர் வாயில் வருவது 'கூன்டாச்'. நேர் பொருள் கொள்ளைநோய், தொற்று. ஆனால் ஆச்சரியத்துக்குத்தான் அதிகம் சொல்வார்கள். இதையே பெயராக வைத்தால் என்ன என்று காந்தினி விளையாட்டாகக் கேட்க, அங்கிருந்த நியூசிலாந்துக்காரர் பாப் வாலஸிடம் (லம்போர்கினியின் சோதனை ஓட்டுநர்) ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். அவர் வாயில் அது வேடிக்கையாக வந்தது. முடிந்தது, எழுத்தை வெட்டி ஒட்டிவிட்டார்கள். அதுவரை மியூரா, இஸ்லேரோ, எஸ்பாடா என்று காளைச் சண்டையிலிருந்தே பெயர் எடுத்தவர்கள் லம்போர்கினிக்காரர்கள்.

எனக்கு உடனே எங்கள் பாட்டி ஞாபகம். "கொள்ளையில போறவனே" என்று திட்டுவதும் அவள்தான். புதுப் பேத்தியைப் பார்த்து "கொள்ளை அழகு" என்பதும் அவள்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு பியெமோந்தே அகராதி தேவைப்படவில்லை.

நாள் 2: அரேசே

மிலான் பக்கத்தில் அரேசே. ஆல்ஃபா ரோமியோவின் அருங்காட்சியகம். லம்போர்கினி தேடி வந்தவனுக்கு இங்கே என்ன வேலை என்றால், கூன்டாச்சின் அண்ணன் இங்கேதான் இருக்கிறான்.

காராபோ. 1968 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சிக்காக காந்தினி வரைந்தது. ஒரு வண்டு இனத்தின் பெயர். பச்சை நிறமும் அந்த வண்டின் நிறம்தான். உயரம் 99 செ.மீ. பக்கத்தில் நின்றால் என் இடுப்புக்குத்தான் வருகிறது. கார் பார்க்கிற உணர்வே இல்லை, கல்யாண வீட்டில் பந்தி மேசையைப் பார்ப்பதுபோல் இருந்தது. மூக்கிலிருந்து கூரை வரை ஒரே கோடு. அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே மனிதர் வரைந்த மியூராவில் எல்லாம் வளைவு, தொடை, இடுப்பு. இதில் ஒரு வளைவுகூட இல்லை. ஒரே ஆள் இரண்டு வருடத்தில் இப்படி மாற முடியுமா என்று நின்றுகொண்டிருந்தேன்.

கதவுதான் விஷயம். முன்னால் ஒரு கீல், கதவு கத்தரிக்கோல் மாதிரி மேலே எழும். இதை வெறும் பகட்டு என்று நினைத்திருந்தேன். இல்லை. இவ்வளவு அகலமான காருக்குச் சாதாரணக் கதவு வைத்தால், இன்னொரு வண்டி பக்கத்தில் நின்றால் திறக்கவே முடியாது. பின்னால் பார்க்கவும் வழி கிடையாது; கதவைத் தூக்கிவிட்டு தலையை வெளியே நீட்டித்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அந்தக் கதவுதான் மூன்று வருடம் கழித்து கூன்டாச்சுக்குப் போனது. இன்று கல்யாண ஊர்வலத்துக்கு வரும் காரில்கூட 'லம்போ டோர்' மாட்டுகிறார்கள். ஆல்ஃபாக்காரர்கள் வயிறு எரியவேண்டும்.

நாள் 3: போலோன்யா

இன்று ஒன்றும் பெரிதாக இல்லை. ரயில் தாமதம், பஸ் கண்ணெதிரே போய்விட்டது, அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. ஞாயிற்றுக்கிழமை கிராமத்துப் பஸ் எங்கே போனாலும் ஒரே மாதிரிதான். பூசணிக்காய் அடைத்த பாஸ்தா சாப்பிட்டேன், இனிக்கிறது. இங்கே உப்புச் சாப்பாட்டுக்கு நடுவில் இனிப்பு வைப்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை போல. சாயங்காலம் மூடுபனி இறங்கி எதிர்ச் சாரியே தெரியவில்லை. போ ஆற்றுச் சமவெளியில் நவம்பர் என்றால் இப்படித்தானாம்.

நாள் 4: சாந்தாகாத்தா போலோன்யேசே

நீண்ட பதிவு. காபி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் சின்னது. சுற்றிலும் உழுது போட்ட வயல். நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி லம்போர்கினி ஆலை, அதோடு சேர்ந்தே அருங்காட்சியகம். டிராக்டர் விற்றுப் பணம் சேர்த்த ஃபெர்ருச்சோ லம்போர்கினி 1963இல் இந்த வயலில்தான் கார் கம்பெனி போட்டார். அந்த வருடமே ஜோத்தோ பிட்சாரினி வடிவமைத்த வி12 எஞ்சின், 3.5 லிட்டர். இந்த எஞ்சினின் வம்சம்தான் கூன்டாச் முழுக்க.

மியூராவில் அந்த எஞ்சினைச் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே போட்டிருந்தார்கள். அழகு, ஆனால் கியர் போடும் கம்பி சுற்றி வளைத்துப் போகும், வேகத்தில் மூக்கு லேசாகும். கூன்டாச்சுக்கு லம்போர்கினியின் பொறியாளர் பாவ்லோ ஸ்டன்சானி செய்தது வேறு. எஞ்சினை நீளவாக்கில் திருப்பினார். காரின் மாடல் பேரில் வரும் எல்பி என்ற எழுத்துகளின் பொருளே 'நீளவாக்கு, பின்புறம்'. எல்லோரும் கியர்பாக்ஸை எஞ்சினுக்குப் பின்னால் வைப்பார்கள். இவர் எஞ்சினையே திருப்பிப் போட்டு, கியர்பாக்ஸை முன்னால், இரண்டு சீட்டுக்கும் நடுவில் கொண்டுவந்தார். கியர்க் கம்பு நேராகப் பெட்டிக்குள் இறங்கும். சரி, சக்தி பின் சக்கரத்துக்கு எப்படிப் போகும்? எஞ்சினின் ஆயில் சம்ப் வழியாகவே ஒரு குழாய் விட்டு, அதற்குள் ஷாஃப்டைப் பின்னால் கொண்டுபோனார். வீட்டு அடுப்படிக்குள் வாய்க்கால் வெட்டுவது மாதிரி. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் எடை முன்னுக்கு வந்தது.

1971 மார்ச், ஜெனீவா. மஞ்சள் நிற எல்பி500. பக்கவாட்டில் மீன் செவுள் மாதிரி சில கீறல்கள் தவிர காற்றுப் போக வழியே கிடையாது. ஒரே கோடு, சுத்தமான ஆப்பு. எஞ்சின் ஐந்து லிட்டர் என்றார்கள்.

பிறகுதான் நிஜம் ஆரம்பித்தது. வாலஸ் அதைச் சாலையில் ஓட்ட ஆரம்பித்ததும் எஞ்சின் கொதித்தது. செவுள் போதவில்லை. கதவிலும் பின் உடம்பிலுமாக முக்கோண வடிவில் காற்றுக்குழி வெட்டினார்கள். அதுவும் போதாமல் தோளில் பெட்டி மாதிரி இரண்டு திமில் வைத்தார்கள். ஐந்து லிட்டர் எஞ்சின் நம்பகமாக இல்லை, நான்கு லிட்டருக்கு இறங்கினார்கள்: 3929 சிசி, ஆறு வெபர் கார்ப்பரேட்டர், 375 குதிரைத்திறன். தகட்டுச் சட்டத்துக்குப் பதில் சன்னக் குழாய்களை வெல்டு வைத்த கூடு. அதன்மேல் அலுமினியத் தகடு.

அந்த முதல் மஞ்சள் கார் என்னாயிற்று? 1974இல் இங்கிலாந்துக்கு அனுப்பி, சுவரில் மோதவிட்டு, பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு குப்பையில் போட்டார்கள். அதன் சட்டமும் விற்கப்போகும் காரின் சட்டமும் ஒன்றே அல்ல என்பது இன்னொரு வேடிக்கை. கையில் பணம் இல்லாத கம்பெனி. இன்னொரு காரை நொறுக்க வசதி இல்லை. பல வருடம் கழித்து ஒரு சேகரிப்பாளர் கேட்டார் என்பதற்காக, பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து 25,000 மணி நேரம் உழைத்து அதை மறுபடி செய்தார்கள். 2021 அக்டோபரில் கோமோ ஏரிக்கரையில் காட்டினார்கள். கணினி இல்லாமல் சுத்தியலால் தட்டியே உடம்பு செய்தார்களாம். தகடு தட்டுகிறவருக்கு இங்கே 'பத்திலாஸ்த்ரா' என்று பெயர். அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்: "உங்க வேலைக்கு இங்க பேர் பத்திலாஸ்த்ராங்கப்பா." பதில்: "கூலி எவ்வளவு?"

உள்ளே பச்சை நிற எல்பி400. 1973 ஜெனீவாவில் சிவப்பாக நின்று, பிறகு பச்சை பூசிய முன்மாதிரி இது. 107 செ.மீ. உயரம். கூரையில் நீளமாக ஒரு பள்ளம். பின்னால் பார்க்க நீர்மூழ்கிக் கப்பல் மாதிரி பெரிஸ்கோப் கண்ணாடி வைக்க நினைத்த இடம் அது. திட்டம் போயிற்று, பள்ளம் நின்றுவிட்டது. ரசிகர்கள் இன்றும் முதல் வகையைப் 'பெரிஸ்கோப்பியோ' என்றுதான் சொல்கிறார்கள். நான் இதன் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். என் சீட்டில் இருந்த கார் இது இல்லை. இறக்கை இல்லை, சக்கரத்துக்கு மேல் புடைப்பு இல்லை. பின் டயர் அகலம் 215 மி.மீ.தான். இன்று ஒரு நல்ல குடும்பக் காருக்கே அது உண்டு.

மாற்றியது ஒரு வாடிக்கையாளர். வால்டர் வுல்ஃப், கனடாவின் எண்ணெய்ப் பணக்காரர், ஃபார்முலா 1 அணி வைத்திருந்தவர். 1975இல் தனக்கென்று ஒரு கார் செய்யச் சொன்னார்: அகல டயர், இறக்கை எல்லாம் வைத்து. பிரெல்லி அப்போது பி7 என்ற புது டயரைக் கொண்டுவந்திருந்தது. அதைப் பின்னால் போட 345 மி.மீ. அகலம். உடம்புக்குள் அடங்குமா? வெளியே துருத்தியது. துருத்தியதை மூட ஃபைபரில் புடைப்பு வைத்தார்கள். இதுதான் 1978இல் எல்பி400 எஸ் என்று விற்பனைக்கு வந்தது. டெலிபோன் டயல் மாதிரி ஐந்து ஓட்டைச் சக்கரம்.

இறக்கை விருப்பத்துக்கு உரியது, தனிக் காசு. அது வேகத்தைக் கூட்டியது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். நேர்மாறு: காற்றைத் தடுத்து உச்ச வேகத்தைக் குறைத்தது. சீட்டில் 'ஸ்பீடு' என்று கத்தி எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன்!

அதன் பிறகு நடந்ததை இப்படிப் பாருங்கள். 1974க்குள் ஃபெர்ருச்சோ மொத்தப் பங்கையும் விற்றுவிட்டுப் போய்விட்டார். 1978இல் கம்பெனி திவால். 1980களின் தொடக்கத்தில் மிம்ரான் சகோதரர்கள் கையில், 1987இல் கிரைஸ்லர் கையில். புதுக் கார் செய்யக் காசில்லை. ஆகவே இருக்கும் காரையே தைத்துத் தைத்து உடுத்தினார்கள். 1982இல் 4754 சிசி, எல்பி500 எஸ். 1985இல் ஜூலியோ அல்ஃபியேரி எஞ்சினை 5167 சிசியாக்கி, சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்து, 455 குதிரைத்திறன் எடுத்தார். அதுதான் குவாத்ரோவால்வோலே. பக்கத்தில் இருந்த கார்ப்பரேட்டர்களை எஞ்சின் தலைமேல் ஏற்றியதில் பின் மூடி முண்டாகிவிட்டது, ஏற்கெனவே தெரியாத பின்பக்கம் அடியோடு போயிற்று. 1988இல் கம்பெனிக்கு 25 வயது ஆனதைக் கொண்டாடி ஆனிவர்சரி மாடல். பம்பர், பக்கவாட்டு வரிகள், காற்றுக்குழி மேல் காற்றுக்குழி. மறுசீரமைத்தவர் அர்ஜென்டினாவிலிருந்து வந்த இளைஞர், ஹொராசியோ பகானி. அந்த வகையின் கடைசிக் கார், வெள்ளி நிறம், 1990 ஜூலையில் வெளியே வந்தது, இதே கூடத்தில் நிற்கிறது.

கணக்கு: எல்பி400 152, எஸ் 235, 500 எஸ் 323, குவாத்ரோவால்வோலே 631, ஆனிவர்சரி 658. மொத்தம் 1999. யாரோ வேண்டுமென்றே ஒன்றைக் குறைத்ததுபோல. கோடு எவ்வளவு கெட்டதோ அவ்வளவு விற்றிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பச்சையிலிருந்து வெள்ளி வரை நான்கு தடவை நடந்தேன். என் ஓட்டு பச்சைக்குத்தான். ஆனால் டிரம்ப் கார்டில் பச்சை இருந்திருந்தால் நான் இத்தாலிக்கே வந்திருக்கமாட்டேன்.

2021இல் இதே பெயரில் 112 கார்கள் புதிதாகச் செய்தார்கள். தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று காந்தினி வெளிப்படையாகவே அறிக்கை விட்டார். நானும் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

நாள் 5: ஃபூனோ

ஃபெர்ருச்சோவின் குடும்பம் நடத்தும் தனி அருங்காட்சியகம். இங்கே கதாநாயகன் டிராக்டர். போர் முடிந்து ராணுவம் கழித்துப்போட்ட உதிரிகளைக் கோத்துச் செய்த காரியோக்கா டிராக்டர், அவரே மாற்றியமைத்து 1948 மில்லே மில்யா பந்தயத்தில் ஓட்டிய குட்டி ஃபியட் டொப்போலினோ, ஹெலிகாப்டர், இரண்டு வி12 எஞ்சின் வைத்த படகு. என்ஸோ ஃபெராரியோடு கிளட்ச் சண்டைக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

என் மனதில் நின்றது வேறு. கூன்டாச் வாடிக்கையாளர் கைக்குப் போகத் தொடங்கிய 1974இல் இந்த மனிதர் கார் தொழிலில் இல்லை. உம்ப்ரியாவில் திராட்சைத் தோட்டம் வாங்கி மது செய்யப் போய்விட்டார். அந்த மதுவுக்கும் 'மியூராவின் ரத்தம்' என்றுதான் பெயர். கூன்டாச் என்று வைக்கவில்லை. கொள்ளைநோய் என்று பெயர் போட்ட பாட்டிலை யார் வாங்குவார்கள்?

நாள் 6: மோதெனா பக்கம் ஒரு கொட்டகை

நான் தங்கியிருந்த வீட்டம்மாவின் தூரத்து உறவினர் ஒருவர். வயது எழுபதுக்கு மேல், பேர் போடக்கூடாது என்பது நிபந்தனை. வெள்ளை நிறக் குவாத்ரோவால்வோலே வைத்திருக்கிறார். "உட்கார்ந்து பார்" என்றார்.

உட்காருவதே ஒரு வேலை. வாசல்படி அகலமான திண்ணை மாதிரி. முதலில் அதில் அமர்ந்து, காலைச் சுருட்டி உள்ளே விட்டு, பிறகு உடம்பைச் சரித்து இறக்க வேண்டும். கால் மிதிகள் எல்லாம் நடுப்பக்கம் தள்ளி இருக்கின்றன. ஜன்னல் கண்ணாடி மூன்று துண்டு. கீழ்த் துண்டு மட்டும் நாலு விரல் அளவு இறங்குகிறது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் எஞ்சின் முண்டும் இறக்கையும் தவிர ஒன்றும் இல்லை. முதல் கியர் இடது பின்பக்கம். கிளட்சை மிதித்தேன், எங்கள் ஊர் லாரியை நினைத்துக்கொண்டால் போதும்.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"கதவக் காட்டு கண்ணு. மேல நிக்குதே, எதுல நிக்குது?"

"கேஸ் ஷாக்குங்கப்பா."

"அது செத்துப்போச்சுன்னா கதவு தலையில விழுமல்ல?"

பெரியவருக்கு மொழிபெயர்த்தேன். விழுந்திருக்கிறது என்று தலையைத் தடவிக் காட்டினார்.

"வண்டி குப்புறக் கவுந்தா எப்படி வெளிய வர்றது?"

முன் கண்ணாடியை உதைத்துக்கொண்டு வரவேண்டும் என்றார் பெரியவர், ஏதோ பஸ் நிறுத்தத்துக்கு வழி சொல்வதுபோல.

"சரி, பின்சக்கரத்துப் பக்கம் வா. இன்னும் கிட்ட. நிறுத்து." அப்பா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டது தெரிந்தது. "இந்தப் புடைப்பு முதல்ல இருந்ததில்ல. இது பின்னால வச்சு ஒட்டுனது. உடம்பு அலுமினியம், இது ஃபைபர். வெள்ளை ஒண்ணுதான், மினுக்கு வேற."

பி7 டயர், வால்டர் வுல்ஃப், 1978 என்று நான் அவரிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. பெரியவரிடம் சொன்னபோது, சட்டென்று என் கையிலிருந்து போனை வாங்கி, அந்த இணைப்புக் கோட்டை விரலால் முழுக்கத் தடவிக் காட்டினார். இடதுபக்கம், பிறகு வலதுபக்கம். இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றாக இல்லை. அப்பா சிரித்துவிட்டார். "கை வேலைன்னா அப்படித்தான். நல்லாத்தான் தட்டியிருக்கான்." இதை நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை போலிருந்தது.

கிளம்பும் நேரம். வண்டியைக் கொட்டகைக்குள் ரிவர்ஸில் விட வேண்டும். பெரியவர் கதவை மேலே தூக்கிவிட்டு, சீட்டில் உட்காராமல் அந்தத் திண்ணையில் பாதி உட்கார்ந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கை ஸ்டியரிங்கில், உடம்பு முழுக்க வெளியே, முகம் பின்னால் திரும்பியிருந்தது. அரேசேயில் காராபோ முன்னால் நின்று படித்தது இதுதான். முதலில் பெட்ரோல் பம்ப் டக்டக்கென்று அடித்தது. பிறகு பன்னிரண்டு சிலிண்டரும் எழுந்தன, கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ஒரு மாட்டை உள்ளே பிடித்துக் கட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனார்.

போனில் அப்பா ஏதோ சொன்னார், கேட்கவில்லை. பெரியவர் சாவியைத் திருப்பி அணைத்ததும்தான் கேட்டது.

"இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணச் சொல்லு."

சொன்னேன். பண்ணினார்.